‘தாய்மை ஹார்மோன்’: ஒரு சொல்லைப் பற்றி

ஆக்சிடோசினைத் ‘தாய்மை ஹார்மோன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு வேதிப்பொருளுக்குள் பெண்ணை முழுசாக அடைத்துவிட்ட திருப்தி அந்தச் சொல்லில் தெரிகிறது. ஆய்வுக்கூடத்து எலி இதற்கு ஒத்துழைக்கவில்லை.

1967இல் அமெரிக்காவில் ஜே ரோசன்பிளாட் வெளியிட்ட சோதனை. ஒருமுறைகூட ஈனாத பெண் எலிகளின் கூண்டில் தினமும் குட்டிகளை விட்டுவைத்தார். முதலில் ஒதுங்கிய எலிகள் ஒரு வாரம்போலக் கழிந்ததும் குட்டிகளைக் கவ்விவந்து கூட்டில் சேர்த்தன, நக்கிக்கொடுத்தன. சினைப்பையை அகற்றிய எலி செய்தது. பிட்யூட்டரியை அகற்றியதும் செய்தது. ஆண் எலியும், காயடித்த ஆணும்கூடத்தான்.

அப்போ ஹார்மோனுக்கு வேலையே இல்லையா? இருக்கு. ஈன்ற எலி ஒரு வாரமெல்லாம் தயங்குவதில்லை, உடனே குட்டியை ஏற்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோலாக்டின், ஆக்சிடோசின் எல்லாம் சேர்ந்து அந்தத் தயக்கத்தைத்தான் துடைக்கின்றன.

2014இல் ஹார்வர்டில் கேத்தரின் டுலாக் குழு இன்னும் உள்ளே போனது. ஹைபோதலாமஸின் முன்பகுதியில் கேலனின் என்ற பொருளை உண்டாக்கும் நரம்பணுக்களைத் தூண்டியதும், குட்டிகளைக் கடித்துக் கொல்லும் ஆண் சுண்டெலி அவற்றை நக்கத் தொடங்கியது. அதே அணுக்களை அழித்தால் பெண் சுண்டெலியே குட்டியைத் தாக்குகிறது.

‘பெண்ணின் இயற்கை’ என்னும் சொல்லாடலுக்கு இங்கே இடமில்லை. அதற்காக நம் தோழர்கள் ‘எலியே சொல்லிவிட்டது’ என்று மேடையேறவும் வேண்டாம். குழந்தைக்குக் கால்கழுவிவிட எந்த ஆணும் எலியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரோசன்பிளாட்டின் சோதனையில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த ஆண் எலி அத்தனை நாளும் குட்டிகளோடு ஒரே கூண்டில் இருந்தது. எழுந்து வெளியே போக அதற்கு வழியில்லை.