அடக்கம்: 'ஹிச்கி' திரைப்படத்தை முன்வைத்து

2018 மார்ச்சில் வெளியான 'ஹிச்கி' என்ற இந்திப் படம், டூரெட் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணை வெகுசனத் திரையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. இயக்கியவர் சித்தார்த் பி. மல்ஹோத்ரா. நைனா மாத்தூராக ராணி முகர்ஜி நடித்தார். கழுத்து வெட்டி இழுக்கும், தொண்டையிலிருந்து ஒலி பீறிடும் இந்தப் பெண் ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். பள்ளிகள் மறுக்கின்றன. கடைசியில் தான் படித்த பள்ளியிலேயே வேலை கிடைக்கிறது. யாரும் எடுக்க விரும்பாத 9எஃப் வகுப்பை, குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் வகுப்பை, அவளிடம் ஒப்படைக்கிறார்கள். மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்தப் படத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. எனக்கும் ஏழு வயதிலிருந்து டிக் இருக்கிறது. கண் வெட்டும், கழுத்து சொடுக்கும், தொண்டை கனைக்கும். பாளையம்பட்டியில் வளர்ந்த எனக்கு அதற்கொரு பெயர் உண்டு என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். நைனா கடைசிவரை குணமாகாமலேயே ஜெயிக்கிறாள் என்பது படத்தின் பெரிய நேர்மை. மருந்து, மந்திரம், காதல் எதுவும் அவள் கழுத்தை நிறுத்திவைப்பதில்லை. உணவகத்தில் மகளுக்கும் சேர்த்துத் தானே உணவு சொல்லிவிடும் தகப்பனை ஒரு சிறு காட்சியில் பிடித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வாயை அன்பாலும் பொத்தலாம் என்று அந்தக் காட்சி சொல்கிறது.

ஆனாலும் படம் டிக்கை வெளியிலிருந்தே பார்க்கிறது. கேமரா நைனாவின் முகத்தில் நிற்கிறது, ஒலி வருகிறது, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மூளையின் கம்பிகள் சரியாக இணையாததால் அதிர்ச்சி அடிக்கிறது என்பதுபோல ஒரு விளக்கம் வருகிறது. தலைப்பே 'விக்கல்' என்கிறது. விக்கல் தானாக வரும், தானாகப் போகும், விக்குகிறவருக்கு அதில் வேலை ஒன்றுமில்லை. டிக் அப்படி அல்ல. டிக்குக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. படம் பார்க்கத் தவறியது அதைத்தான்.

அது என்ன? இமைக்கு உள்ளே மணல் விழுந்தாற்போல ஓர் உறுத்தல். பிடரியில் நூல் கட்டி இழுப்பதுபோல ஓர் இறுக்கம். தொண்டையில் ஊறல். தும்மல் வருவதற்கு முந்தைய நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடி நாள் முழுக்க நீண்டால் எப்படி இருக்கும்? கண்ணை வெட்டினால் உறுத்தல் அடங்கும். கொஞ்ச நேரம்தான், பிறகு மறுபடி ஊறும். சில நேரம் ஒரு தடவை வெட்டினால் போதாது, 'சரியாக' இருக்கிறது என்று உடம்பு ஒத்துக்கொள்ளும்வரை வெட்ட வேண்டும்.

இதை மருத்துவம் காது கொடுத்துக் கேட்டது வெகு தாமதமாகத்தான். ஜோசப் பிளிஸ் என்பவர் தன் சொந்த டிக்குகளுக்கு முந்தைய உணர்வுகளைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதிய கட்டுரை 1980இல் ஓர் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது. 1993இல் ஜேம்ஸ் லெக்மனும் உடனிருந்தவர்களும் டிக் உள்ள 135 பேரிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 93 பேர் அந்த முன்னுந்துதலைச் சொன்னார்கள். தங்கள் டிக்குகள் முழுக்கவோ ஓரளவோ அந்த உந்துதலுக்குத் தாங்கள் விரும்பிக் கொடுக்கும் பதில் என்று 92 பேர் சொன்னார்கள். டிக் தொடங்கிச் சுமார் மூன்று வருடம் கழித்தே, ஏறத்தாழப் பத்து வயதில்தான், அந்த உணர்வு தனியாகப் புலப்படுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

'விரும்பி' என்ற சொல்லில்தான் எங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது. டிக்கைக் கொஞ்ச நேரம் அடக்க முடியும். அடக்க முடிகிறது என்பதாலேயே, அடக்காதபோது அது குற்றமாகிவிடுகிறது. "நினச்சா நிறுத்துறேல்ல, அப்புறம் என்னத்தா?" என்பார் அப்பத்தா. அடக்குவதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. கணக்குப் பாடத்துக்குப் போக வேண்டிய கவனத்தில் பாதி கழுத்துக்குப் போய்விடும். கேட்ட கேள்வி காதில் விழாது. போதாததற்கு, அதைப் பற்றிப் பேசினாலே அது கூடும், பதற்றத்தில் கூடும், யாராவது உற்றுப் பார்த்தால் கூடும். "பண்ணாத" என்று சொல்வது "பண்ணு" என்று சொல்வதற்குச் சமம்.

இனி என் இரண்டாவது குறை. 'ஹிச்கி' ஓர் ஆணின் வாழ்க்கையிலிருந்து எடுத்த படம். அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் தன்வரலாறான 'ஃப்ரன்ட் ஆஃப் தி கிளாஸ்' 2008இல் தொலைக்காட்சிப் படமாகி, பின்பு இங்கே வந்தது. நாயகனை நாயகியாக மாற்றினார்கள், பாராட்டலாம். ஆனால் உடம்பை மாற்றியவர்கள் ஊரை மாற்றவில்லை. ஆணின் டிக்கை இடைஞ்சலாகவோ கோமாளித்தனமாகவோ பார்க்கிற ஊர், பெண்ணின் டிக்கை நடத்தையாகப் பார்க்கும். நைனாவுக்கு எதிரே நிற்பவர்களின் கேள்வி ஒன்றுதான்: இவளால் பாடம் நடத்த முடியுமா? எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று வரும்: இவள் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள்?

எட்டாம் வகுப்பில் எனக்கு வந்த முதல் புகார் அதுதான். கண் வெட்டுவது ஒரு பையனுக்கு 'சேட்டை', அதே வெட்டு எனக்குக் 'கண்ணடிப்பு'. ஆசிரியை ஒருவர் அம்மாவை வரவழைத்து, பிள்ளையைக் கண்டித்து வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து பையன்கள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த ஒரே விடுதலை வீட்டை ஒட்டிய விசைத்தறிக் கூடம். தறி ஓடும் சத்தத்தில் என் தொண்டைச் சத்தம் யாருக்கும் கேட்காது. அங்கே போய் மொத்தமாக இறக்கிவைத்துவிட்டு வருவேன். பெண் பார்க்க வந்த நாளில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "பிள்ள ரொம்ப அடக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பாராட்டியது என் டிக்கைத்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அடக்கம் நல்ல சொல். திருக்குறளில் அடக்கமுடைமை ஓர் அதிகாரம், அது ஆண் பெண் எல்லோருக்கும் பொது. ஊர்தான் அதைப் பெண்ணின் தனிச்சொத்தாக்கியது. எங்களுக்கு அடக்கம் குணம், பயிற்சி, சில நேரம் புதைகுழி. அந்தச் சொல்லுக்கு இந்த மூன்று பொருளையும் தமிழ் சும்மா வைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த நோயின் வரலாறும் ஒரு பெண்ணை அடக்கம் செய்துதான் தொடங்குகிறது. 1825இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார், டம்ப்பியர் சீமாட்டியைப் பற்றி எழுதினார். ஏழு வயதில் தொடங்கிய இழுப்புகள், பின்பு அலறல், பேச்சின் நடுவே தெறிக்கும் கெட்ட வார்த்தைகள். 1885இல் ஜில் டி லா டூரெட் ஒன்பது நோயாளிகளைத் தொகுத்து எழுதியபோது, தான் பரிசோதிக்காத இந்தச் சீமாட்டியையே முதலில் வைத்தார். உயர்குடிப் பெண்ணின் வாயில் வந்த அந்த வார்த்தைகள்தான் இன்றுவரை உலகுக்கு இந்த நோயின் முகம். கெட்ட வார்த்தை வருவது டூரெட் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்கே. ஆனால் இட்டார் இன்னொன்றையும் குறித்திருக்கிறார். அந்த வார்த்தைகளை எவ்வளவு அருவருத்தாளோ, சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் அவ்வளவுக்கு அவளை வதைத்தது, அந்த அச்சமே அவற்றை நாக்கு நுனியில் கொண்டுவந்து வைத்தது. அடக்குதலின் வேதனை 1825லேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் வரலாறு எடுத்துக்கொண்டது கெட்ட வார்த்தைகளை மட்டும்.

இதற்குப் பக்கத்தில் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ரே என்ற ஆணை வையுங்கள். வேலை நாள்களில் மருந்து எடுத்து அமைதியாக இருப்பான், வார இறுதியில் மருந்தை விட்டுவிட்டு டிக்கின் வேகத்தோடு டிரம்ஸ் வாசிப்பான். சாக்ஸின் இன்னொரு கட்டுரையில் வருபவர் டூரெட் உள்ள அறுவை மருத்துவர், அவரும் ஆண். டிக் ஆணிடம் தாளமாகிறது, திறமையாகிறது. பெண்ணிடம் அசிங்கமாகிறது. டூரெட் பெண்களைவிட ஆண்களிடம் மூன்று நான்கு மடங்கு கூடுதல் என்பார்கள். சரி, கதைகள் ஆண்களுடையதாக இருப்பதற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி, யாருடைய அசைவை நாம் ரசிக்கப் பழகியிருக்கிறோம் என்பது.

எங்கள் கரிசல் ஊர்களில் பெண்ணின் உடம்பு கட்டுமீறி அசைவதற்கு ஒரே ஓர் அனுமதி உண்டு: சாமி வர வேண்டும், இல்லையென்றால் பேய் பிடிக்க வேண்டும். உடம்பு அவளுடையதாக இல்லாதபோது ஆடலாம். என்னையும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அவர் விபூதி போட்டார், யார் நீ என்று கேட்டார். நான் நான்தான் என்றேன். அந்தப் பதிலுக்கு அங்கே இடமில்லை.

'ஹிச்கி' நைனாவுக்குக் கொடுக்காததும் இதுதான்: அவள் உடம்பு அவளிடம் என்ன சொல்கிறது என்று அவளே சொல்லும் ஒரு காட்சி. அவளுடைய டிக், பிள்ளைகளின் வறுமைக்கு உவமையாகிறது, மன உறுதிக்குச் சோதனையாகிறது. உடம்பாக மட்டும் அது இருப்பதில்லை. வகுப்புக்குப் போகுமுன் அவள் எங்கே போய் இறக்கிவைக்கிறாள், எந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறாள், பேருந்தில் பக்கத்து இருக்கை ஆண் அவள் அசைவுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறான்? இவற்றைக் கேட்டிருந்தால் படம் ஒரு பெண்ணின் கதையாகியிருக்கும்.

கட்டுப்பாட்டையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 1973இல் அஸ்ரினும் நன்னும் வகுத்த பழக்க மாற்றுப் பயிற்சி, பின்பு விரிவாகி இன்றைய நடத்தைச் சிகிச்சையானது. அதன் முதல் படி அந்த உந்துதலைக் கவனிக்கப் பழகுவது. இரண்டாம் படி, டிக்குக்கு ஒத்துவராத வேறோர் அசைவை, உந்துதல் தணியும்வரை செய்வது. கழுத்து சொடுக்க வந்தால் மோவாயை மெல்லத் தாழ்த்திப் பிடித்து நிதானமாக மூச்சுவிடலாம். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 126 பிள்ளைகள் இருந்தார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேல் தேறினார்கள், ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. டிக் மறைந்துவிடவில்லை, குறைந்தது.

அந்தப் பயிற்சிக்கும் என் ஊர் கொடுத்த பயிற்சிக்கும் வித்தியாசம் ஒன்றே. அங்கே முதல் கேள்வி: உனக்கு எப்படி இருக்கிறது, எது உன்னைத் தொந்தரவு செய்கிறது? இங்கே முதல் கேள்வி: பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்று உடம்பைக் கவனிக்கச் சொல்கிறது, மற்றது உடம்பை மறைக்கச் சொல்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும்.

வகுப்பில், பேருந்தில், பக்கத்து வீட்டில் கண் வெட்டும் ஒரு சிறுமியைப் பார்த்தால் அவள் கண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். அவளைக் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள், போதும். கண் வெட்டினாலும் அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.