பத்தி எழுத்தின் நகைச்சுவையும் வாசகர் கருத்தும் – ஹரிசங்கர் பர்சாயியை முன்வைத்து

முன்னுரை

நாளிதழ்களில் தொடர்ந்து வெளிவரும் நகைச்சுவைப் பத்திகள் நூலாகத் தொகுக்கப்பெறும்போது, அவற்றோடு வாசகர் கருத்துகள் சிலவும் இணைக்கப்பெறுதல் பதிப்பு வழக்கம். அவை பெரும்பாலும் பாராட்டாகவே அமைகின்றன. படித்துச் சிரித்ததாகவும், குடும்பத்தோடு மகிழ்ந்ததாகவும், வாரந்தோறும் காத்திருந்ததாகவும் வாசகர்கள் எழுதுகின்றனர். திறனாய்வாளர் இக்கருத்துகளை விளம்பரமெனக் கருதி ஒதுக்குகின்றனர்; அல்லது நூலின் புகழுக்குச் சான்றாக ஓரிரு வரிகளை எடுத்தாள்கின்றனர். இவ்விரு போக்குகளும் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றன. பத்தி எழுத்தில் நகைச்சுவை எழுத்தாளனிடத்தில் தொடங்கி வாசகனிடத்தில் நிறைவடைகின்றது. ஆதலின் வாசகர் கருத்து அந்நகையின் இயல்பை அறிவதற்குரிய முதன்மைச் சான்றாகும். இந்தி அங்கத எழுத்தாளர் ஹரிசங்கர் பர்சாயியின் பத்திகளை முன்வைத்து இக்கருத்தை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

பர்சாயியும் அவர்தம் பத்திகளும்

மத்தியப் பிரதேசத்தின் ஜமானி என்னும் ஊரில் 1924இல் பிறந்த பர்சாயி, ஆசிரியப் பணியைத் துறந்து எழுத்தையே வாழ்வாகக் கொண்டவர். ஜபல்பூரிலிருந்து 'வசுதா' என்னும் இலக்கிய இதழை நடத்தினார். 1995இல் ஜபல்பூரிலேயே மறைந்தார். ஐதராபாத்திலிருந்து வெளிவந்த 'கல்பனா' முதலிய இலக்கிய இதழ்களிலும், 'நயீ துனியா', 'தேச பந்து' ஆகிய நாளிதழ்களிலும் அவர் பத்திகள் எழுதினார். இந்தியில் நகைச்சுவை வெறும் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட நிலையை மாற்றி, சமூகத் திறனாய்வின் கருவியாக அங்கதத்தை நிலைநிறுத்தியவர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் அவர் பெறும் இடம்.

'நயீ துனியா'வில் அவர் எழுதிய பத்தியின் பெயர் 'சுனோ பாயி சாதோ' என்பதாகும். கேட்பவரை உடன்பிறந்தாராகவும் நல்லோராகவும் விளித்துக் கேட்குமாறு அழைக்கும் கபீரின் முத்திரைத் தொடர் அது. பத்தியின் தலைப்பே கேட்போனை எதிரில் அமர்த்திக்கொள்வது இங்குக் கருதத்தக்கது. எழுத்தாளன் தனித்திருந்து சிந்திப்பதாக அன்றி, ஒருவனை நோக்கிப் பேசுவதாகவே பத்தி கட்டமைக்கப்படுகின்றது. அவ்வாறாயின், அழைக்கப்பட்டவன் என்ன மறுமொழி கூறினான் என்பதை அறியாமல் பத்தியை மதிப்பிடுதல் உரையாடலில் ஒருபாதியை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைப்பதை ஒக்கும்.

எள்ளலின் இருவழி

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறும். இவற்றுள் எள்ளலை விளக்கும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலையும் பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுதலையும் அதனுள் அடக்குகிறார். இவ்விளக்கம் பத்தி எழுத்தின் வாசகரை வகைப்படுத்தப் பெரிதும் துணைசெய்வதாகும். பத்தியாளரோடு சேர்ந்து பிறரை எள்ளி மகிழ்பவர் ஒருவகையினர். எள்ளப்படுபவன் தானே என உணர்ந்தும் நகுபவர் மற்றொரு வகையினர். தான் எள்ளப்பட்டதை உணர்ந்து நகாது வெகுள்பவர் மூன்றாம் வகையினர்; அவரிடத்தில் நகை தோன்றவேண்டிய இடத்தில் வெகுளி தோன்றுகிறது.

தொகுப்புகளில் இடம்பெறும் பாராட்டுரைகள் பெரும்பாலும் முதல் வகையினருடையவை. அங்கதத்தின் ஆற்றலை அளப்பதற்கு ஏனைய இருவகையினரின் கருத்துகளே மிகுதியும் வேண்டப்படுவன. பர்சாயியின் எழுத்துவாழ்வில் இம்மூவகை எதிர்வினைகளும் நிகழ்ந்துள்ளன என்பதோடு, அவற்றை அவரே தம் எழுத்துக்குப் பொருளாக்கியும் உள்ளார்.

வணக்கமாக வந்த கருத்து

பர்சாயிக்கு 1982ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த தொகுப்பு 'விகலாங் ஸ்ரத்தா கா தௌர்' என்பதாகும். 'ஊனமுற்ற பக்தியின் காலம்' என அத்தலைப்பைத் தமிழாக்கலாம். அதன் தலைப்புக் கட்டுரை, தம் காலைத் தொட்டு வணங்கத் தொடங்கிவிட்ட மனிதர்களைப் பற்றியது. தாம் திடீரென வணக்கத்துக்குரியவராகிவிட்டதன் காரணத்தை எழுத்தாளர் தேடுகிறார். தம் கால் முறிந்ததற்கும் இம்மரியாதைக்கும் தொடர்புண்டோ என ஐயுறுகிறார். நாட்டில் எதன்மீதும் நம்பிக்கை இல்லாத காலத்தில் இப்பக்தி மட்டும் எவ்வாறு நலமுடன் இருக்க இயலும் என்பதே கட்டுரையின் உட்பொருள்.

வாசகனின் வணக்கமும் ஒரு கருத்தே. மடன் என்பதற்கு, பிறர் புகட்டியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் எனப் பொருளுரைப்பது உரைமரபு. பிறர் வணங்குவதால் தானும் வணங்கும் வாசகன் இம்மடனுக்கு உரியவனாகிறான். பாராட்டை ஏற்று மகிழ்வதற்கு மாறாகப் பாராட்டுபவனின் மடனை நகைக்குரியதாக்குவது எளிதன்று; நூலை வாங்கும் வாசகனையே அது எள்ளுகிறது. எனினும் பர்சாயி அவனை மட்டும் எள்ளவில்லை. வணக்கத்துக்கு உள்ளூர மகிழும் தம் மனத்தையும் உடன் எள்ளுகிறார். எள்ளலின் இருவழியும் ஒரே கட்டுரையில் இயங்குவதால்தான் அது வசையாக மாறாமல் நகையாகவே நிற்கின்றது.

அடியாக வந்த கருத்து

1973இல், பர்சாயியின் எழுத்தால் சினங்கொண்ட சிலர் அவர் வீட்டிற்கே சென்று அவரைத் தாக்கினர். எள்ளப்பட்டோர் வெகுண்ட நிலைக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. இந்நிகழ்வை ஒட்டி அவர் எழுதிய 'பிட்னே பிட்னே மே ஃபர்க்', அதாவது 'அடிபடுவதிலும் வேறுபாடு உண்டு' எனப் பொருள்படும் கட்டுரை, தாக்கியவர்களைப் பழிப்பதில் நிறைவு காணவில்லை. அடிபட்டதால் தமக்குக் கிடைத்த புகழையும், துக்கம் விசாரிக்க வந்தோரின் வரிசையையும், அவ்வாறு கிடைத்த பெருமையில் தம் மனம் கொண்ட நாட்டத்தையும் அது நகையாடுகிறது.

அடித்தவர், பத்தியைப் படித்துப் பொருள் உணர்ந்தவர் என்பது இங்கு எண்ணத்தக்கது. தம்மைச் சுட்டுகிறது என்பதை அவர் சரியாகவே அறிந்தனர். ஆறுதல் கூற வந்தோருள் எத்தனைபேர் அவ்வாறு பொருள் உணர்ந்து படித்தனர் என்பது ஐயத்துக்குரியது. அடியை நியாயப்படுத்த எவ்வாற்றானும் இயலாது. ஆயினும் வாசகர் கருத்தை ஆராய்வோர், உடன்பாட்டையே புரிதலாகவும் எதிர்ப்பையே புரியாமையாகவும் கொள்ளும் எளிய பகுப்பைக் கைவிடவேண்டும் என்பதை இந்நிகழ்வு வற்புறுத்துகிறது.

கேள்வியாக வந்த கருத்து

'தேச பந்து' நாளிதழில் பர்சாயி வாசகர் வினாக்களுக்கு விடையளித்த பத்தி, 'பர்சாயியிடம் கேளுங்கள்' எனப் பொருள்படும் பெயருடையது. பின்னர் நூலாகவும் வந்தது. தொடக்கத்தில் காதல், திரைப்படம் முதலிய மெல்லிய வினாக்களே வந்தன. படிப்படியாக அவர் வாசகரைச் சமூக, அரசியல் வினாக்களை நோக்கித் திருப்பினார். உலக நிகழ்வுகளும் பின்னர் வினாக்களில் இடம்பெற்றன. தமிழில் 'அரசு பதில்கள்', 1970இல் தொடங்கிய 'துக்ளக்' இதழின் கேள்வி–பதில் பகுதி ஆகியவற்றை அறிந்தோர்க்கு இவ்வடிவம் புதியதன்று.

இங்கு ஒரு தடை எழுப்பலாம். வணக்கத்தை எள்ளிய ஒருவர், எல்லாவற்றுக்கும் விடை கூறும் இருக்கையில் தாமே அமர்ந்துகொண்டது முரண் அன்றோ? இத்தடை வலுவுடையது. கேள்வி–பதில் வடிவம் எழுத்தாளனை ஆசானாக்குகிறது. வாசகனைக் கேட்டுப் பெறுபவனாக்குகிறது. விடை நகைச்சுவையாக அமையும்போது இவ்வேற்றத்தாழ்வு மேலும் மறைக்கப்படுகிறது. தமிழ்க் கேள்வி–பதில் பகுதிகளிலும் வாசகனின் வினா, ஆசிரியரின் சொல்திறத்துக்குப் படிக்கல்லாக மட்டும் அமைந்துவிடும் இடங்கள் உண்டு.

ஆயினும் பர்சாயியின் பத்தி இத்தடையை ஓரளவு கடக்கின்றது எனலாம். வாசகன் வினாவை அனுப்பும்போதே, விடையில் தானும் எள்ளப்படலாம் என அறிந்தே அனுப்புகிறான். அவ்வாறு எள்ளப்பட்டும் மறுவாரம் பத்தியைப் படிப்பானாயின், அவன் பேராசிரியர் கூறும் இரண்டாம்வகை நகைக்கு உரியவனாகிறான். வினாக்களின் தரம் காலப்போக்கில் மாறியமை இதற்குச் சான்று. வணங்கிய வாசகனிடமும் அடித்தவனிடமும் நிகழாத மாற்றம் வினவியவனிடத்தில் நிகழ்ந்துள்ளது.

சான்றுகளின் எல்லை

இம்மூன்று எதிர்வினைகளில் முதலிரண்டும் நமக்குப் பர்சாயியின் எழுத்து வழியாகவே கிடைக்கின்றன. வணங்கியவனும் ஆறுதல் கூறியவனும் தம் சொற்களில் பேசவில்லை. எழுத்தாளரின் கதைமாந்தராகப் பேசுகின்றனர். மூன்றாவதில் மட்டுமே வாசகனின் சொல் அச்சேறுகின்றது. அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில். ஆதலின் இவற்றைக் கொண்டு வாசகரின் உண்மை இயல்பை முற்றும் வரையறுத்தல் இயலாது. பத்தியாளர் தம் வாசகரை எவ்வாறு கண்டார் என்பதையே உறுதிபடக் கூறமுடியும்.

மேலும் நாளிதழில் படித்தவனுக்கு அன்றைய செய்தியே உரையாக நின்றது. நூலில் படிப்பவனுக்கு அவ்வுரை இல்லை. அவன் சிரிக்கத் தவறும் இடங்களில் குறை எழுத்தினுடையதா, பதிப்பினுடையதா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். நாளும் நிகழ்வும் குறிக்கப்படாத தொகுப்பு, நகையின் நிலைக்களனை நீக்கிவிட்டு நகையை மட்டும் தர முயல்கிறது.

முடிவுரை

நகைச்சுவைப் பத்தித் தொகுப்பின் மதிப்பை, எத்தனைபேர் சிரித்தனர் என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தனர், யார் சிரிக்க மறுத்தனர், எள்ளப்பட்டவன் தன்னை அதில் கண்டுகொண்டானா என்பன உடன் ஆராயப்படவேண்டியவை. பர்சாயியின் எழுத்து பாராட்டையும் பகையையும் ஒருசேர நகைக்கு உள்ளாக்கி, வினவும் வாசகனுக்கே இடமளித்தது.

தமிழில் பத்திகளைத் தொகுப்போர் ஒவ்வொரு பத்திக்கும் வெளிவந்த நாளைக் குறித்தலும், பாராட்டுக் கடிதங்களோடு மறுப்புக் கடிதங்களையும் சேர்த்தலும் செய்வாராயின், நகைச்சுவை ஆய்வுக்கு நம்பத்தகுந்த மூலங்கள் கிடைக்கும். பழைய இதழ்த் தொகுதிகள் நூலகங்களில் சிதைந்துவரும் நிலையில் இப்பணி காலத்தாழ்வுக்கு இடம்தருவதன்று. மறுத்தெழுதிய வாசகனின் கடிதம் மறையுமாயின், பத்தியாளர் யாரை நோக்கிப் பேசினார் என்பதை அறியும் வழியும் அதனோடு மறைந்துபோகும்.