‘மீள்திறன்’: ஒரு சொல்லின் கருத்துநிலை

‘துள்ளிப் பின்வருதல்’ எனும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்து, ஹொலிங்கின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையூடாகச் சூழலியலில் நிலைபெற்ற கருத்தே தமிழில் ‘மீள்திறன்’ என வழங்குகின்றது. 2004 ஆழிப்பேரலையின் பின்னரும் 2022 பொருளாதார நெருக்கடியின் போதும் இத்திறனே மக்களிடம் வேண்டப்பட்டது.

ஆயின் ‘மீள்’ எனும் தமிழ் வினை இதனினும் விரிந்தது. திரும்புதலும் மீள்தல், விடுபடுதலும் மீள்தல். அதன் பிறவினை, அடைவுவைத்த நகையையும், தேசவழமை கூறும் ஒற்றிக் காணியையும் மீட்டலைக் குறிக்கும். சுவரில் மோதிய பந்து மீள்கையிற் சுவருக்கு மாற்றமில்லை. காணியை மீட்கையிலோ கடனுறவே அறுகின்றது. அபிவிருத்தி அறிக்கைகள் முதற்பொருளையே கொள்வதால், தாக்கத்தின் காரணம் மறைந்து, தாக்குண்டோரின் பொறுதியே அளவிடப்படுகின்றது.

பழைய வறுமைக்குத் திரும்புதல் மீட்சியாகாது. எதற்கு மீள்தல் என்பதோடு எதிலிருந்து மீள்தல் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.