‘நசீர்’ திரைப்படத்தில் வீடும் ஒலிபெருக்கியும்

அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ (2020), திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ சிறுகதையைத் தழுவிய தமிழ்த் திரைப்படம். ராட்டர்டாம் திரைப்பட விழாவில் நெட்பாக் விருது பெற்றது. கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை விற்பனையாளராக இருக்கும் நசீரின் ஒரு நாளே படம். குமரன் வளவன் நசீராக நடித்தார்.

நோயுற்ற தாய், மனைவி தாஜ், வளர்த்துவரும் சிறுவன் இக்பால் ஆகியோரைக் கொண்டது நசீரின் வீடு. பணக்கஷ்டம் உண்டு, பிரியத்துக்குக் குறைவில்லை. 4:3 அளவில் மூலைகள் வளைந்த சட்டகம் பழைய குடும்பப் புகைப்படத்தை நினைவூட்டுகிறது. நெருக்கமும் அடைசலும் ஒரே சட்டகத்தில் அமைகின்றன.

ஷான்தால் அகெர்மானின் ‘ழான் தீல்மான்’ (1975) படமும் அன்றாட வேலைகளைப் பொறுமையாகப் பின்தொடர்வது. அதில் வன்முறை வீட்டுக்குள்ளேயே, படுக்கையறையில் நிகழ்கிறது. ‘நசீரி’ல் அச்சம் வெளியிலிருந்து ஒலியாக வருகிறது. தெரு ஒலிபெருக்கியின் வெறுப்புப் பேச்சைச் சுவர்கள் தடுப்பதில்லை. நசீர் அதற்குப் பதில் சொல்வதில்லை. தினமும் கேட்டுப் பழகிய சத்தம் அது.

இறுதியில் கும்பல் நசீரைத் தாக்கிக் கொல்கிறது. அதுவரை நிதானமாக இருந்த கேமரா நிலைகுலைகிறது. இம்முடிவு திடீரென்று திணிக்கப்பட்டதாகத் தோன்றலாம். அந்தக் குறை முழுக்கப் பொருந்தாது. ஒலிபெருக்கி தொடக்கம் முதலே பேசிக்கொண்டிருந்தது. நசீரைப் போலவே பார்வையாளரும் அதைப் பின்னணி இரைச்சலாக விட்டுவிட்டார். வெளியூர் சென்ற தாஜ் அப்போது இன்னும் திரும்பியிருக்கவில்லை.