சகுந்தலையும் மூன்று பெண்களும்

தில்லிவாழ் தமிழர் இல்லங்களின் பூசை மாடத்தில் தாமரைமேல் நிற்கும் திருமகளையும் வீணையேந்திய கலைமகளையும் காண்கிறோம். அவ்வுருவங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி வகுத்தவர் கிளிமானூரில் பிறந்த இராஜா இரவிவர்மா (1848–1906) ஆவார். 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவி, அரண்மனைக்கே உரியதாயிருந்த ஓவியத்தை எளியோர் இல்லத்திற்கும் கொணர்ந்தார். அத்தொண்டை மறந்து அவரைக் குறைகூறுதல் நன்றியன்று.

எனினும், அவர் தீட்டிய சகுந்தலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று, துஷ்யந்தனைக் காணும் வேட்கையால் திரும்பி நோக்குகிறாள். துஷ்யந்தன் படத்தில் இல்லை. ஆயினும் அவளது கழுத்தின் சாய்வும் உடலின் வளைவும் அவனுக்காகவே அமைந்துள்ளன.

ஜெய்ப்பூர் இல்லத்தில் 1954-இல் தொடங்கப்பெற்ற தேசிய நவீன ஓவியக்கூடத்திற்கு ஒரு விடுமுறை நாளில் குடும்பத்துடன் சென்றிருந்தேன். அங்கே அம்ருதா ஷேர்கில் 1935-இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ என்னும் ஓவியத்தின் முன் என் மகள் நின்றுவிட்டாள். “அப்பா, இவர்கள் ஏன் சிரிக்கவில்லை?” என்றாள். எனக்கு விடை தோன்றவில்லை. “யாரும் பார்க்காத வேளையில் எங்கள் முகம் இப்படித்தான் இருக்கும்” என்று என் மனைவி கூறினாள்.

பல திறனாய்வு நூல்கள் தாராத விளக்கத்தை அச்சொற்கள் தந்தன. அம்மூவரும் அருகருகே அமர்ந்தும் ஒருவரையொருவர் நோக்கவில்லை; நம்மையும் நோக்கவில்லை. பின்னணியில் மரமில்லை, மாளிகையில்லை. தாழ்ந்த விழிகளில் தத்தம் எண்ணமே நிறைந்துள்ளது.

சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் 1913-இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் பயின்று, 1941-இல் லாகூரில் 28 வயதிலேயே மறைந்தவர் அம்ருதா. தென்னாட்டுப் பயணத்திற்குப் பின் அவர் 1937-இல் வரைந்த ‘மணமகள் அலங்காரம்’ என்னும் ஓவியத்திலும் மணப்பெண்ணின் முகத்தில் களிப்பைக் காணோம்.

இவரிடமும் குறையுண்டு. இவர் தீட்டிய பெண்டிருட் பெரும்பாலோர் துயரில் தோய்ந்தவர்களாகவே உள்ளனர். வயல் வரப்பிலும் கிணற்றடியிலும் வாய்விட்டுச் சிரிக்கும் பெண்களையும் நாம் அறிவோம் அல்லவா? ஆயினும், பிறர் கண்ணுக்கு விருந்தாகாமல் தன் மனத்தோடு தானிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்தமையால், ‘மூன்று பெண்கள்’ சகுந்தலையினும் உயர்ந்த படைப்பென்பது என் துணிபு.

மாற்றல் உத்தரவு வந்ததும் நாம் பெட்டி கட்டினோம். மொழியறியா ஊருக்கு, உற்றாரைப் பிரிந்து, நம்முடன் வந்தவர்கள் நம் இல்லத்துப் பெண்டிர். அவர்கள் முகத்தை நாம் எத்தனை முறை நின்று நோக்கினோம்? மாடத்துத் திருமகளுக்கு நாள்தோறும் விளக்கேற்றுகிறோம். ஒருமுறை ஜெய்ப்பூர் இல்லத்திற்கும் சென்று வாருங்கள். இல்லத்தரசியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.