அவைக்கு ஆற்றுதல்

நாடகம், நடனம், கூத்து மூன்றையும் ஒரு சொல்லில் அடக்க ஈழத்தில் 'அவைக்காற்று கலை' என்கிறோம். தமிழ்நாட்டில் 'நிகழ்த்துகலை' என்பார்கள். இரண்டும் ஒன்றைத்தான் குறிக்கின்றன. ஆனாலும் எனக்கு நம்முடைய சொல்லே கூடப் பிடிக்கும். நிகழ்த்துவதற்கு எதிரே ஆள் இருக்கத் தேவையில்லை. பூட்டிய அறைக்குள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டும் ஒருத்தி நிகழ்த்தலாம். ஆற்றுவதற்கு அவை வேண்டும். 'அவைக்கு' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த நான்காம் வேற்றுமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆடத் தெரிவது ஒரு வித்தை, அவைக்கு ஆற்றத் தெரிவது இன்னொரு வித்தை. முதலாவதை வகுப்பறை கொடுத்துவிடும். இரண்டாவது, ஒரே ஆட்டத்தைப் பல அவைகளின் முன், உயிருள்ள பக்கவாத்தியத்தோடு, திரும்பத் திரும்ப ஆடினால்தான் வரும். யாழ்ப்பாணக் குடாநாடு இந்த இரண்டாவது வித்தைக்கென்று ஒரு பெரிய பட்டறையையே வைத்திருந்தது. இன்று முதலாவதை நன்றாக வளர்த்துக்கொண்டு, இரண்டாவதை அறியாமலே கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

வகுப்பறைக்கு இங்கே குறைவில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக ஏறிக் 'கலாவித்தகர்' பட்டம் பெற்றவர்கள் குடாநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நடனத்தில் பட்டம் வாங்கும் வழியையும் திறந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் தமிழ்த்தினப் போட்டி இருக்கிறது. இவற்றால் அரைமண்டி தாழ்ந்தது, முத்திரை தெளிந்தது, தாளம் பிசகாமல் நின்றது, மறுக்க எதுவுமில்லை. ஆனால் போட்டி மேடையில் பிள்ளை ஆடுவது மூன்று நடுவர்களுக்கு. அவர்கள் கையில் புள்ளித்தாள் இருக்கிறது, குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அரங்கேற்றத்திலோ மண்டபம் நிறைய உறவும் நட்பும். பிள்ளை தடுக்கினாலும் கை தட்டுவார்கள், தடுக்காவிட்டாலும் தட்டுவார்கள். போட்டி அவை இரங்காது, அரங்கேற்ற அவை எதற்கும் இரங்கும்; ஆட்டத்துக்கேற்ப மாறுகிற அவை இந்த இரண்டிலுமே இல்லை. அதுவும் ஒரே ஒரு மாலை. அதற்குப் பிறகு சலங்கையைக் கழற்றி, படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, பல்கலைக்கழக அனுமதிக்குப் படிக்கப் போய்விடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அரங்கேற்றம் என்ற சொல்லே தொடக்கத்தைக் குறிப்பது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தொழில்நூலாக எண்ணிப் படித்தால் இது தெளிவாகும். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் மேடை ஏறுகிறாள். அவள் என்ன கற்றாள் என்பதைவிட, அவளோடு மேடையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கே இளங்கோ கூடுதல் இடம் கொடுக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமைக்காரன், குழல்காரன், யாழ்காரன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். அடுத்தது மேடை. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மூன்று வகைத் திரை, தூணின் நிழல் ஆடுபவள்மேல் விழாதபடி வைத்த விளக்கு. எல்லாம் ஆனபிறகுதான் அவள் வலக்காலை முன்வைத்து ஏறி, வலப்பக்கத் தூணருகே போய் நிற்கிறாள். இன்னும் ஓர் அடி எடுத்து ஆடவில்லை. ஆனால் எப்படி வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு அதற்குள்ளேயே ஒரு மரபு இருக்கிறது. தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அன்றைக்கே கிடைத்துவிட்டன. அதோடு கதை முடியவில்லை. கடலாடு காதையில், புகாரின் இந்திர விழாக் கூட்டத்தின் நடுவே பதினொரு வகை ஆடலையும் ஆடுகிறாளே, அந்த மாதவிதான் தேர்ந்தவள். முன்னவள் தகுதி பெற்றவள், அவ்வளவுதான்.

அந்த இந்திர விழாவுக்குக் குடாநாட்டில் ஈடு தேடினால் அம்மன் கோயில் முன்றலில் விடிய விடிய நடக்கும் காத்தவராயன் கூத்தைத்தான் சொல்லவேண்டும். நாட்டியம் படித்தவர்கள் சிலர் இதை ஓர் ஆட்டமாகவே மதிப்பதில்லை. தென்மோடிக் கூத்தின் தாளக்கட்டுகளும் துள்ளலும் இதில் இல்லை. முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்து வரும் சிந்துநடை ஒன்றுதான். சுறுசுறுப்பான பெடியன் ஒருவன் ஒரு பின்னேரத்தில் அந்தக் கால்வைப்பைப் பிடித்துவிடுவான். பிடித்தவனை மேடையில் ஏற்றிப் பாருங்கள், கால்மணி நேரத்தில் அவன் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கத் தொடங்கும். அடவு எளிதாக இருப்பதாலேயே அவன் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது. இந்தக் கூத்தில் நடிகன் ஓர் அடியைப் பாடி முடித்ததும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவனுக்குப் பாட்டு இல்லை, புதிய அசைவும் இல்லை. நடை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பழகாதவன் அந்த நேரத்தில் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவர முயல்வான், கண் ஆர்மோனியத்தின் பக்கம் போகும். பழகியவன் பாடிய அடியின் பொருளை முகத்தில் விட்டுவைத்துக்கொண்டு, தோளை ஒரு பக்கம் சாய்த்து, பாயில் இருக்கிற கிழவிகளை ஒருமுறை பார்ப்பான். பிற்பாட்டு முடியும் தறுவாயில் அவன் மணிக்கட்டு சற்றே உயரும், மிருதங்கக்காரர் அதைக் கண்டு முத்தாய்ப்பு வைப்பார். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரின் கொப்பியில் இது எழுதப்பட்டிருக்காது. ஒரே பாத்திரத்தை ஆதிக் காத்தான், பின் காத்தான் என்று ஆட்கள் மாறி மாறி ஆடும் வழக்கம் இந்த வேறுபாட்டை இன்னும் அப்பட்டமாக்குகிறது. ஒரே பாத்திரம், ஒரே நடை, ஒரே மெட்டு. ஒருவன் வந்தால் கச்சான் உடைக்கிற சத்தம் கேட்கிறது, மற்றவன் வந்தால் நின்றுவிடுகிறது. மாறியது ஆள் மட்டும்தான் என்பதால் காரணத்தை வேறெங்கும் தேட முடியாது.

இசை நாடகத்தில் இதற்குப் பெரிய சான்று காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய 'மயான காண்டம்' 3000 தடவைக்கு மேல் மேடையேறியது என்பார்கள். அந்த எண்ணிக்கையைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கிறோம். அதைப் பயிற்சிக் கணக்காகப் பார்ப்பவர்கள் குறைவு. கதையில் எதிர்பாராதது எதுவுமில்லை. சந்திரமதி பிள்ளையின் உடலோடு வருவாள், அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் கேட்பான், தாலி அவன் கண்ணுக்குத் தெரியும். பாயோடு வந்து குந்தியிருக்கிற சனத்துக்கு இது எல்லாம் மனப்பாடம். தெரிந்த கதைக்கு ஏன் திரும்பவும் போனார்கள்? எந்த இடத்தில் பாட்டை இழுப்பது, எந்த இடத்தில் வசனமாக வெட்டுவது, சந்திரமதி அழுது ஓய்கிற அந்தக் கணத்தில் எவ்வளவு நேரம் சும்மா நிற்பது என்பதெல்லாம் அன்றிரவு அந்த ஊர்ச் சனத்தைப் பார்த்து முடிவாகிறவை. கொட்டிலில் ஒத்திகை பார்த்து இதை ஆயத்தம் செய்துகொண்டு வர முடியாது. பல நூறு தடவை ஆடியவனுக்குப் பாட்டும் வசனமும் மூச்சைப் போலத் தானாக ஓடும். அப்போதுதான் அவன் கவனம் தன்னிடமிருந்து விடுபட்டு வெளியே வரும். திரும்பச் செய்தால் அலுப்புத் தட்டும் என்ற நினைப்பு ஆடாதவர்களுடையது.

இது நம் ஊருக்கே உரிய குணமல்ல என்பதற்குக் கெய்ரோவைக் காட்டலாம். உலகம் பெல்லி டான்ஸ் என்று சொல்லி, பாதி சிரித்தபடி பார்க்கிற 'ரக்ஸ் ஷர்கி'யின் மேடை வடிவம் உருவான இடங்களில் முக்கியமானது பதியா மசப்னி 1926இல் அங்கே திறந்த இரவு விடுதி. தாஹியா கரியோக்கா, சாமியா கமால் இருவரும் அங்கிருந்து வந்தவர்கள். இடுப்பைத் தனியாகவும் மார்பைத் தனியாகவும் அசைப்பது, வயிற்றை அலைபோல் உருட்டுவது, தொடர்ந்து அதிரும் 'ஷிமி' எல்லாம் வகுப்பில் கற்கக்கூடியவை. இன்று உலகெங்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் சிறுவயதில் தாஹியாவை நேரில் பார்த்த அறிஞர் எட்வர்ட் செயித் 1990இல் அவரைப் பற்றி எழுதியபோது வியந்தது வேறொன்றை. மற்றவர்கள் மேடையெங்கும் சுழன்று வித்தை காட்டினார்கள். அவர் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நின்றார். எவ்வளவு குறைவாக அசைந்தார் என்பதே அவருடைய பெருமை. புல்லாங்குழலோ ஊத் வாத்தியமோ தாளமில்லாமல் தனியே வாசிக்கும் 'தக்சீம்' பகுதி நம்முடைய ஆலாபனை மாதிரி. வாத்தியக்காரர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்பது ஆடுபவளுக்குத் தெரியாது. மனப்பாடம் செய்த கோர்வை அங்கே ஒன்றுக்கும் உதவாது, காது மட்டுமே உதவும். தர்புகா மத்தளத்தோடு தனிச்சுற்று வரும்போதும் அப்படித்தான். அடி விழுவதற்கு முன்னரே இடுப்பு அதை எதிர்பார்த்திருக்க வேண்டும், ஆனால் முந்திவிடக் கூடாது. காத்தான் கூத்துக்காரனின் மணிக்கட்டும் தாஹியாவின் இடுப்பும் ஒரே பாடத்தைப் படித்தவை.

இடுப்பாட்டத்தைக் கொண்டுவந்து அம்மன் கோயில் கூத்தோடு வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே கோயில்களில் பெண்கள் ஆடுவதை ஆறுமுக நாவலர் கண்டித்தார். பின்னாளில் திருவிழாக்களுக்குச் சின்னமேளம் என்ற ஆட்டக்காரிகளின் குழு வந்து ஆடியபோதும் அதே கண்டனம் தொடர்ந்தது. அந்த ஆட்டக்காரிகளைச் சூழ்ந்திருந்த சுரண்டலைச் சொல்லிக் கண்டித்திருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். ஆனால் கண்டனத்தோடு சேர்ந்து வேறொன்றும் போயிற்று. வீதியில், தீவட்டி வெளிச்சத்தில், முன்பின் தெரியாத சனத்தின் நடுவே நின்று, ஆடியே அவர்களைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்த ஒரு தொழிலறிவு அது. மரியாதைப்பட்ட நடனம் மண்டபத்துக்குள் வந்தபோது அந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சனத்தைப் பார்த்து ஆடத் தொடங்கினால் கைதட்டலுக்கு ஆடுவதில் முடியும், கலை மலினப்படும் என்பது. இசை நாடகத்தில் சிலர் சினிமா மெட்டைச் செருகியும், கோமாளியை மணிக்கணக்கில் ஓடவிட்டும் கெடுத்தது உண்மைதான். ஆனால் அவையைக் கவனிப்பதும் அவைக்கு அடங்கிப்போவதும் வேறு வேறு. குடாநாட்டுக் கோயில் வீதிகளில் மேளக் கச்சேரி கேட்க நின்றவர்களை நினைத்துப் பார்க்கலாம். தவிலுக்கு மிக அருகே நின்று, விரலில் தாளம் எண்ணி, அறுதி சரியாக வந்து விழுந்தால் மட்டும் தலையாட்டுகிற சனம் அது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற தவில் மேதை வாசித்து வளர்ந்தது அப்படிப்பட்ட காதுகளின் நடுவே. அந்த அவை அவரை மலினப்படுத்தவில்லை, இன்னும் நுணுக்கமாக வாசிக்கச் செய்தது. கெட்ட அவை கலைஞனைக் கெடுக்கும் என்றால், நல்ல அவை அவனைத் திருத்தும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? அவையே இல்லாமல் இருப்பதற்கு அது நியாயமாகாது.

மேடைக் களை பிறவியிலேயே வருவது, கற்பித்து வராது என்று சொல்வோரோடு நான் அதிகம் சண்டைக்குப் போகமாட்டேன். சிலருக்கு அது முதல் நாளே இருக்கும். இல்லாதவர்கள் முப்பதாவது மேடையில் அதைக் கண்டெடுப்பதும் நடக்கிறது. விடிய விடிய இருக்க இன்று யாருக்கு நேரம் என்ற கேள்வி அதைவிட உண்மையானது. அதற்கு 1962இல் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோதே ஒரு விடை கிடைத்துவிட்டது. ஓர் இரவுக் கூத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடையில், நகரத்து அவையின் முன் ஆட முடியும் என்று அவர் காட்டினார். 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் கூத்தையும் இசை நாடகத்தையும் மண்டப மேடைகளில் தொடர்ந்து ஆடிவந்திருக்கிறது. ஆகவே நீளத்தைக் குறைக்கலாம். தடவைகளைக் குறைத்தால்தான் பழுது.

மேடைக்கும் இங்கே பஞ்சமில்லை. நல்லூர்த் திருவிழா மட்டுமே 25 நாள். அதைவிடச் சித்திரையிலிருந்து ஆவணிவரை குடாநாட்டில் கொடியேறாத ஊர் அரிது. பட்டம் வாங்கிய ஒருத்தி தன் அரங்கேற்ற வர்ணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவை வீட்டில் வைத்துவிட்டு, பாடகியையும் மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு பருவத்தில் இருபது கோயில் முன்றலில் ஆடட்டும். முதல் நாள் மைக் கரகரக்கும், மேடைப் பலகை ஆடும், முன்வரிசைப் பிள்ளைகள் ஐஸ்பழ வானுக்குப் பின்னால் ஓடும். ஐந்தாவது ஊரில் எந்தச் சரணத்தில் சனம் கதைக்கத் தொடங்குகிறது என்று அவளுக்கே பிடிபடும். பத்தாவது ஊரில் அந்தச் சரணத்தில் ஓர் அடவைக் குறைத்துவிட்டுச் சும்மா நின்று பார்ப்பாள், மிருதங்கக்காரரும் கையை அடக்குவார். இருபதாவது ஊரில், கச்சான் உடைக்கிற சத்தம் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அவள் வாகனத்தில் போகும்போதே பாடகியிடம் சொல்லிவிடுவாள்.