மூன்று விக்கிரகங்களும் அவற்றின் பலிகளும்

விவிலியத்தில் மிகவும் பெயர்போன விக்கிரகத்தை வார்த்தவர் அந்நியர் யாரும் இல்லை. மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதித்தபோது மக்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவர்களுடைய ஆசாரியனாகிய ஆரோன் அந்தப் பொன்னிலிருந்து கன்றுக்குட்டியைச் செய்தான். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தில் இருக்கும் இந்தச் செய்தியை நம் பிரசங்க மேடைகள் அழுத்திச் சொல்வது அபூர்வம். விக்கிரக ஆராதனை என்றதும் அடுத்த தெருக் கோயிலை நோக்கிக் கை நீட்டும் பழக்கம் தமிழ்ச் சபைகளில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ஆனால் கிறிஸ்தவச் சிந்தனையின் கனமான எழுத்துகள் அந்தக் கையைத் தன் பக்கமே திருப்பியவை. பணம், அதிகாரம், காமம் ஆகிய மூன்றையும் விசுவாசிகளே கும்பிடும் தெய்வங்களாக அடையாளம் கண்ட ஒரு நீண்ட மரபு அங்கே இருக்கிறது. அந்த மரபின் பார்வை எங்கே கூர்மையாக இருக்கிறது, எங்கே மங்கிப்போகிறது என்று பார்க்க வேண்டிய தேவை இன்று அதிகமாகியிருக்கிறது.

வேர்கள் பழையவை. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் காம இச்சையையும் பொருளாசையையும் ஒரே மூச்சில் சொல்லி, பொருளாசையை நேராகவே விக்கிரக ஆராதனை என்கிறார். 410இல் ரோம் நகரம் கோத்தியர் கையில் சூறையாடப்பட்டது. அதன்பின் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் 413 முதல் 426 வரை ‘கடவுளின் நகரம்’ என்ற பெருநூலை எழுதினார். உலகத்தையே அடக்கி ஆண்ட அந்த நகரத்தை ஆதிக்க வேட்கை அடக்கி ஆண்டது என்பது அவர் கண்ட உண்மை. அவரைப் பொறுத்தவரை ஆதிக்க வேட்கையும் உடல் வேட்கையும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். படைக்கப்பட்டவை எல்லாம் நல்லவையே. எதை முதலில், எதைப் பிறகு நேசிக்கிறோம் என்ற வரிசை குலைந்ததில்தான் கேடு தொடங்குகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1529இல் மார்ட்டின் லூத்தர் ‘பெரிய ஞானோபதேச’த்தில் முதல் கட்டளைக்கு விளக்கம் எழுதியபோது இதை இன்னும் எளிமையாக்கினார். மனிதன் எதன்மேல் தன் இதயத்தைச் சாய்த்து நம்பியிருக்கிறானோ அதுவே அவனுடைய கடவுள் என்றார். பூமியில் எங்கும் பரவிக் கிடக்கும் விக்கிரகம் பணம்தான் என்பதும் அவர் கணிப்பு. தரங்கம்பாடி மிஷன் காலம் முதல் தமிழ் லூத்தரன் பிள்ளைகள் ‘சிறிய ஞானோபதேச’த்தை மனப்பாடம் செய்து வளர்ந்திருக்கிறார்கள். பெரியதில் உள்ள இந்தப் பகுதியும் அவர்கள் காதில் அதே அளவுக்கு விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இந்த மூன்றும் ஒரு தொகுப்பாக இறுகியது துறவு மடங்களில். 1223இல் உறுதி செய்யப்பட்ட பிரான்சிஸ்கன் ஒழுங்கின் தொடக்கத்திலேயே கீழ்ப்படிதல், சொத்தின்மை, கற்பு மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. அதிகாரத்துக்கும் பணத்துக்கும் காமத்துக்கும் தனித்தனியே ஒரு மறுப்பு. அமெரிக்கக் குவேக்கர் எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1985இல் வெளியிட்ட ‘பணம், காமம், அதிகாரம்’ என்ற நூல் இந்த மூன்று வாக்குறுதிகளையும் துறவி அல்லாத குடும்பத்தவருக்காக மறுபடி யோசித்தது. எளிமை, உண்மையுள்ள உறவு, சேவை என்று அவர் அவற்றைப் புதுப்பித்தார். மூன்றையும் வெறுத்து ஒதுக்காமல் ஒவ்வொன்றிலும் ஒளியும் இருளும் உண்டு என்று நிதானமாக அணுகியது அந்த நூலின் பலம்.

பரவலான வாசகரைச் சென்றடைந்தவர் டிமதி கெல்லர். 1989இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையைத் தொடங்கிய போதகர் அவர். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் பெரும் செல்வர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்ட அதிர்ச்சி ஆறும் முன்பே, 2009இல், போலித் தெய்வங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நல்லதொன்றை உயிருக்கு ஆதாரமாக்கிக்கொள்ளும்போது அது விக்கிரகமாகிறது என்பது அதன் சாரம். சகேயுவின் கதையில் பணமும், நேபுகாத்நேச்சாரின் கதையில் அதிகாரமும், யாக்கோபின் கதையில் காதலும் காமமும் எப்படித் தெய்வமாயின என்று அவர் காட்டுகிறார். தனிமையில் மனம் தானாக எங்கே ஓடுகிறது, கை எதற்குத் தாராளமாகச் செலவழிக்கிறது என்று கவனித்தால் நம் தெய்வம் எது என்பது தெரிந்துவிடும் என்கிறார். நேர்மையோடு படிக்கும் யாரையும் இது சுடும்.

ஆனால் கெல்லர் எடுத்துக்கொண்ட அதே யாக்கோபின் கதையை நான் இன்னொரு முறை படிக்க விரும்புகிறேன். ராகேலின் அழகு யாக்கோபை எப்படி ஆட்டிப்படைத்தது, கணவனின் அன்புக்காக லேயாள் எப்படி ஏங்கினாள் என்று அவர் இருவர் இதயங்களையும் நுணுக்கமாகத் திறந்து காட்டுகிறார். கதையோ அதோடு நிற்கவில்லை. லாபான் பதினான்கு ஆண்டு உழைப்புக்கு ஈடாக இரண்டு மகள்களையும் கொடுக்கிறான். எங்களை விற்றுவிட்டு அந்தப் பணத்தையும் அப்பா தின்றுவிட்டார் என்ற பொருளில் அந்த மகள்களே ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தில் முறையிடுகிறார்கள். அவர்களுக்கும் கீழே சில்பாள், பில்காள் என்று இரண்டு அடிமைப் பெண்கள். பிள்ளை பெறுவதற்காக யாக்கோபிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே தகப்பனின் அதிகாரமும் கூலிக் கணக்கும் காமமும் ஒரே வீட்டுக்குள் கைகோத்து நிற்கின்றன. யார் இதயத்தில் எந்த விக்கிரகம் என்று மட்டும் கேட்டால் சில்பாளும் பில்காளும் கண்ணிலேயே படமாட்டார்கள்.

இந்தக் குறையை வேறொரு பக்கத்திலிருந்து முதலில் தொட்டவர்களில் ஒருவர் இறையியலாளர் வேலரி செய்விங். 1960இல் வந்த ஒரு கட்டுரையில், பெருமையும் அதிகார வேட்கையும்தான் ஆதிப் பாவம் என்று இறையியல் சொல்வது ஆண்களின் அனுபவத்திலிருந்து பிறந்த முடிவு என்று அவர் வாதிட்டார். பிறருக்காகவே வாழ்ந்து தன்னைத் தொலைத்துவிட்ட பெண்ணிடம் போய் அதிகார ஆசையை விடு என்றால் அது மருந்தாகுமா? பிற்காலப் பெண்ணிய இறையியலில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தது.

பணத்தைப் பொறுத்தவரை, தனிமனித இதயத்தைத் தாண்டிப் பார்க்கும் திருப்பத்தைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜாக் எல்யூல். பணம் வெறும் கருவி, பயன்படுத்துகிறவன் மனம்தான் முக்கியம் என்ற ஆறுதலை அவர் 1954இலேயே மறுத்தார். பணத்துக்குத் தன்னளவிலேயே மனிதரை ஆளும் ஒரு சக்தி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று அது கற்பிக்கிறது. விலையே இல்லாமல் கொடுப்பது ஒன்றே அதன் புனிதத்தைக் கலைக்கும் என்றார். இன்று நற்செய்திக் கூட்டங்களில் காணிக்கையை ‘விதை’ என்று சொல்லி, பல மடங்காகத் திரும்பி வரும் என்று கடன்பட்டவர்களிடம் வாங்குகிறார்கள். கொடுத்தல் என்ற அந்த ஒரே மாற்றையும் வட்டிக் கணக்காக ஆக்கிவிட்ட இந்தப் போதனையைவிடத் துயரமானது சபையில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

லத்தீன் அமெரிக்காவில்தான் இந்தச் சிந்தனை முழு வலிமையோடு வெளிப்பட்டது. எல் சால்வதோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1979 ஆகஸ்டில் எழுதிய நான்காவது ஆயர் மடலில் தம் நாட்டின் விக்கிரகங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். செல்வமும் தனிச்சொத்தும் ஒன்று, தேசப் பாதுகாப்பு என்ற கோட்பாடு இன்னொன்று. மூன்றாவதாக அவர் சொன்னது, தாம் ஆதரித்துவந்த மக்கள் இயக்கங்களே தங்கள் அமைப்பை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துக்கொள்ளும் ஆபத்தை. பகைவரின் தெய்வத்தை மட்டும் உடைப்பது எவருக்கும் எளிது. தன்னோடு நிற்பவரின் தெய்வத்தையும் சுட்டிக்காட்டியதால் அந்த மடல் இன்றும் வலுவோடு நிற்கிறது. 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோஸ்தா ரிக்காவில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஹிங்கலாமர்ட், பிரேசிலின் ஹூகோ அஸ்மன் போன்றோர் சந்தையையே விக்கிரகமாக வாசித்தார்கள். எல் சால்வதோரின் இயேசு சபை இறையியலாளர் ஹோன் சொப்ரினோ இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தார்: விக்கிரகங்கள் உயிர் வாழப் பலிகள் தேவை. 1989 நவம்பரில் அவருடன் வாழ்ந்த ஆறு இயேசு சபைக் குருக்களும் இரண்டு பெண்களும் இராணுவத்தால் கொல்லப்பட்டபோது அவர் வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார். ஆகவே அது நூலகத்தில் உட்கார்ந்து வகுத்த கோட்பாடு என்று யாரும் தள்ளிவிட முடியாது. ரோமும் இந்த மொழியை ஓரளவு ஏற்றுக்கொண்டது. இலாப வெறியையும் அதிகார தாகத்தையும் பாவக் கட்டமைப்புகளோடு சேர்த்து 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். பண வழிபாட்டைப் புதிய பொன்கன்றுக்குட்டி என்று 2013இல் பிரான்சிஸ் கண்டித்தார்.

விக்கிரகம் எது என்ற கேள்வியோடு பலியானவர் யார் என்ற கேள்வியும் சேர வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. தமிழ்நாட்டுச் சபை வரலாறு இதற்கு வலுவான சான்று. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதை மீண்டும் கேட்டு உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அவர்கள் பக்தியில் குறைவானவர்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் இதயத்தை ஆராய்ந்து பார்த்திருந்தாலும் அங்கே விக்கிரகம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தடுப்புக்கு மறுபுறம் நின்றவர்களைக் கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

காமம் என்ற மூன்றாவது விக்கிரகத்தில்தான் பலியானவர் யார் என்ற கேள்வி கேட்கப்படாமலேயே மிக நீண்ட காலம் கடந்தது. இத்துறையில் ஆழமான எழுத்துகளுக்குக் குறைவில்லை. 1979 முதல் 1984 வரை இரண்டாம் யோவான் பவுல் புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் உடலின் இறையியலை விரித்துரைத்தார். பாலுறவாக மட்டும் சுருங்கிய காதல் விற்பனைச் சரக்காகிவிடுகிறது என்று திருத்தந்தை பெனடிக்ட் 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எச்சரித்தார். ஆங்கிலிக்கன் இறையியலாளர் சாரா கோக்லி 2013இல், கடவுள் மீதான ஏக்கமே பாலியல் ஏக்கத்தைவிட அடிப்படையானது என்று வாதிட்டு ஃபிராய்டைத் தலைகீழாக்கினார். இவற்றுள் கோக்லியின் நூலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் ஞாயிறு பிரசங்கத்துக்கு வந்து சேரும்போது இவையெல்லாம் இளைஞரின் கண்ணையும் கைபேசியையும் பற்றிய எச்சரிக்கையாகச் சுருங்கிவிடுகின்றன. மேடையில் நிற்பவரின் அதிகாரம் அங்கே பேச்சில் வருவதே இல்லை.

அந்த மௌனத்தின் விலையை இரண்டு பெயர்கள் காட்டும். உலக அதிகாரங்களை இயேசு எப்படி எதிர்கொண்டார் என்று 1972இல் எழுதிய மென்னோனைட் அறிஞர் ஜான் ஹோவர்ட் யோடர் ஒரு தலைமுறைக்கே அகிம்சையைக் கற்பித்தவர். அவரால் பாலியல் அத்துமீறலுக்கு உள்ளான பெண்கள் நூற்றுக்கும் மேல் இருக்கலாம் என்று 2015இல் வெளியான வரலாற்று ஆய்வு மதிப்பிட்டது. அவர் அதை இறையியல் பரிசோதனை என்று நியாயப்படுத்தியிருந்தார். இரண்டாமவர் 1946இல் சென்னையில் பிறந்து உலகெங்கும் கிறிஸ்தவத்துக்காக வாதாடிய ரவி சக்கரியாஸ். 2020இல் அவர் இறந்தபின், அவருடைய நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. மசாஜ் தொழில் செய்த பெண்களை அவர் பாலியல் ரீதியாகச் சுரண்டியதையும், உதவி நிதி என்று பெயரிட்ட ஊழியப் பணத்திலிருந்து அவர்களுள் சிலருக்குப் பணம் போனதையும் அது பதிவு செய்தது. வெளியே சொன்னால் இலட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்க நீயே காரணமாவாய் என்று அவர் எச்சரித்ததாக ஒரு பெண் சாட்சி சொல்லியிருக்கிறார். மூன்று விக்கிரகங்களும் இதைவிட நெருக்கமாகப் பின்னிக்கிடந்த நிகழ்வு அண்மைக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அவை பலி கேட்டது ஊழியத்தின் பெயரால்.

2010இல் கேப் டவுனில் உலகளாவிய நற்செய்திச் சபையினர் கூடிய லோசான் மாநாட்டின் உறுதிமொழி, நெறிதவறிய பாலுறவையும் அதிகாரத்தையும் வெற்றியையும் பேராசையையும் திருச்சபைக்குள் இருக்கும் விக்கிரகங்களாகவே துணிந்து பெயரிட்டது. அது நல்ல ஆவணம். ஆனாலும் அதை எழுதியவர்கள் விசுவாசிகளும் தலைவர்களும். பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலத்திலிருந்து தொடங்கும் எழுத்து வேறு வகையானது. அது இறையியல் நூலாக வராமல் விசாரணை அறிக்கையாகவே வந்துகொண்டிருக்கிறது. பிரான்சில் ஜான்-மார்க் சோவே தலைமையிலான குழு 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையை நான் அந்த வகையில் வைக்கிறேன். 1950 முதல் 2020 வரை கத்தோலிக்கக் குருக்களாலும் துறவிகளாலும் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறார் சுமார் 2,16,000 பேர் என்று அது கணக்கிட்டது. அந்த நவம்பரில் லூர்து நகரில் கூடிய பிரெஞ்சு ஆயர்கள் திருச்சபையின் நிறுவனப் பொறுப்பை ஒப்புக்கொண்டு, இழப்பீடு தருவதற்காகச் சொத்துகளை விற்கவும் முடிவெடுத்தார்கள். ஆயர் ஒருவர் கையில் அதிகாரங்கள் குவிந்துகிடப்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றும் அதே அறிக்கை கேட்டிருந்தது. சொத்தைப் பற்றிய முடிவு சில வாரங்களுக்குள் வந்துவிட்டது. அதிகாரத்தைப் பற்றிய விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.